முள் சொல்வது முழு உண்மையா?



கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பது என் தொழில். ஆனால் நான் மறக்க முடியாத ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அல்ல. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில். அந்தப் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதை ஒட்டி ஒரு கருத்தையும் சொல்ல விரும்புகிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அமெச்சூர் வானொலியில் ஈடுபாடு கொண்டிருந்தான். 'ஹாம்' வானொலி என்று சொல்கிறார்களே, அதுதான். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தன் சொந்த நிலையத்தை அமைத்திருந்தான். உத்தர வீதியில் அவன் வீடு. அகலம் குறைவு, ஆனால் வாசலிலிருந்து கொல்லை வரை நீளமோ நீளம். அந்த நீளத்துக்கு மாடியில் இரண்டு மூங்கில்களை நட்டு, செப்புக் கம்பியால் ஓர் ஏரியல் கட்டியிருந்தான். இன்று ஆண்டெனா என்றே பலரும் சொல்கிறார்கள். மாலை வேளைகளில் மதுரை, பெங்களூரு, கொழும்பு ஆகிய ஊர்களில் உள்ள நண்பர்களோடு அவன் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த சமயம், ஒரு நாள் ஓடோடி வந்தான். "சார், நிலை அலை விகிதம் 1.1-க்கு வந்துவிட்டது! மழைக்கு முன்னால் 1.5 இருந்தது. நான் எதையும் தொடவில்லை. ஏரியல் தானாகவே சரியாகிவிட்டது" என்றான். "நல்லது தம்பி, ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று நானும் தட்டிக்கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "சார், மீட்டர் அருமையாக இருக்கிறது. ஆனால் நான் கூப்பிடுவது யாருக்கும் கேட்கவில்லை" என்றான்.

மீட்டரின் முள் 'மிக நன்று' என்கிறது. காற்றில் அலையோ போகவில்லை. இது எப்படி? இந்தப் புதிரை அவிழ்க்க நாம் இரண்டு சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஒத்ததிர்வு, மற்றொன்று நிலை அலை விகிதம். இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அப்படிக் கருதுவதால் விளையும் தவறு சிறியதன்று.

ஒத்ததிர்வு என்பது என்ன?

ஊஞ்சல் ஆட்டாதவர் யார்? அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால், சிறு விசையிலேயே உயர உயரப் போகும். நேரம் தவறித் தள்ளினால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் பயன் குறைவு. ஊஞ்சலுக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. நாம் தள்ளும் அதிர்வெண் அதனோடு ஒத்துப்போவதே ஒத்ததிர்வு.

பள்ளி ஆய்வகத்தில் சோனாமீட்டர் கம்பியின் மீது சிறு காகிதத் துண்டை மடித்து வைத்து, இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் வைப்பீர்கள். கம்பியின் நீளம் சரியாக அமைந்த அந்தக் கணத்தில் காகிதம் துள்ளி விழும். ஏரியலும் அப்படியே. அதில் அதிர்வது கம்பியன்று, கம்பியிலுள்ள மின்னோட்டம். அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி நீளமுள்ள ஒரு கம்பியை நடுவில் வெட்டி, அங்கே மின்சாரத்தை ஊட்டினால் அது ஒத்ததிர்கிறது. அந்த நிலையில் கம்பி மின்தேக்கி போலவும் நடப்பதில்லை. மின்தூண்டி போலவும் நடப்பதில்லை. இரண்டின் மின்மறுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்து சுழியாகிவிடுகின்றன. வெறும் மின்தடை மட்டுமே மிஞ்சுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நம் மாணவன் பயன்படுத்தியது 7.1 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் சுமார் 42 மீட்டர். பாதி 21 மீட்டர். கம்பியின் பருமன், நுனிகளின் விளைவு ஆகியவற்றால் சுமார் 5 விழுக்காடு குறைத்து 20 மீட்டர் என்று வெட்ட வேண்டும். ஸ்ரீரங்கத்து நீள வீடு அவனுக்கு எவ்வளவு வசதியாக அமைந்தது பாருங்கள்!

1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பட்டது திருச்சி வானொலி நிலையம். அது நெடுங்காலம் மத்திய அலையில் ஒலிபரப்பிவந்த அதிர்வெண் 936 கிலோஹெர்ட்ஸ். இதன் அலைநீளம் 320 மீட்டர். தரையில் செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்குக் கால் அலைநீளம் இருந்தாலே ஒத்ததிர்வு கிட்டும்; மீதிப் பாதியின் வேலையைப் பூமி செய்துவிடும். 320-இல் கால் பங்கு 80 மீட்டர். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 72 மீட்டர். மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். அதாவது திருச்சி வானொலியின் கால் அலை, ராஜகோபுரத்தைவிடச் சற்று உயரம்; உச்சிப் பிள்ளையார் பாறையைவிடச் சற்றுக் குட்டை! கண்ணுக்குத் தெரியாத அலையைக் கண்ணுக்குத் தெரிந்த கோபுரத்தால் அளந்துவிட்டோம் அல்லவா?

நிலை அலை விகிதம் என்பது என்ன?

அம்மா மண்டபப் படித்துறையில் காவிரி நிறைந்து ஓடும்போது நின்று பாருங்கள். சிற்றலைகள் கடைசிப் படியின் செங்குத்தான சுவரில் மோதித் திரும்புகின்றன. போகும் அலையும் திரும்பும் அலையும் கலக்கும் இடத்தில் சில புள்ளிகளில் நீர் எழும்பித் தாழ்கிறது. சில புள்ளிகளில் அசைவே இல்லை. கணு, எதிர்க்கணு என்று பாடப்புத்தகத்தில் படித்தவை இவையே. மாறாக, அலைகள் சரிவான மணற்கரையில் ஏறினால், பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடுகின்றன. திரும்பி வருவது மிகக் குறைவு.

வானொலிக் கருவியிலிருந்து மின்சாரம் ஒரு கேபிள் வழியாக மாடியிலுள்ள ஏரியலுக்குப் போகிறது. ஒவ்வொரு கேபிளுக்கும் தனக்கென்று ஓர் இயல்பு மின்னெதிர்ப்பு உண்டு. ஹாம்கள் பயன்படுத்தும் கேபிளில் அது பெரும்பாலும் 50 ஓம். மறுமுனையில் இருப்பதும் 50 ஓம் மின்தடையானால், போன ஆற்றல் முழுவதையும் அது ஏற்றுக்கொள்கிறது. வேறாக இருந்தால் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அப்போது கேபிளில் நிலை அலை உண்டாகிறது. அதன் உச்ச மின்னழுத்தத்துக்கும் தாழ்ந்த மின்னழுத்தத்துக்கும் உள்ள விகிதமே நிலை அலை விகிதம். ஒன்றும் திரும்பாவிட்டால் விகிதம் 1. அது 1.5 ஆனால் 4 விழுக்காடு ஆற்றல் திரும்புகிறது. 2 ஆனால் 11 விழுக்காடு. 3 ஆனால் 25 விழுக்காடு.

இப்போது கவனியுங்கள். ஒத்ததிர்வு என்பது ஏரியலின் குணம். நிலை அலை விகிதம் என்பதோ ஏரியலுக்கும் கேபிளுக்கும் உள்ள பொருத்தம். ஒன்று மணமகளின் குணத்தைச் சொல்வது. மற்றொன்று ஜாதகப் பொருத்தத்தைச் சொல்வது! பொருத்தம் பார்க்கும் தாளைக் கொண்டு குணத்தை அளக்க முடியுமா?

ஹெர்ட்ஸ் செய்த சோதனை

இந்த இரண்டும் வானொலி பிறந்த நாளிலிருந்தே நம்மோடு இருக்கின்றன. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ் 1887, 1888 ஆண்டுகளில் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். சிறு இடைவெளியுள்ள கம்பி வளையம் ஒன்றை அவர் கையில் வைத்திருந்தார். அதன் அளவை ஒத்ததிர்வுக்கு ஏற்ப அமைத்ததால்தான் இடைவெளியில் மெல்லிய பொறி தோன்றிற்று. பிறகு சுவரில் துத்தநாகத் தகட்டைப் பொருத்தி, அலைகளைத் திருப்பி, நிலை அலைகளை உண்டாக்கினார். வளையத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, பொறி கூடும் இடங்களையும் குறையும் இடங்களையும் குறித்து, அலைநீளத்தை அளந்தார்.

அலை இருக்கிறதா என்று அறிய ஒத்ததிர்வு உதவிற்று. அலையின் நீளம் என்ன என்று அறிய நிலை அலை உதவிற்று. கேள்விகள் இரண்டு, விடைகளும் இரண்டு. இந்தத் தெளிவு ஹெர்ட்ஸிடம் இருந்தது. அவருக்குப் பின் வந்த நாம்தான் சில வேளைகளில் குழப்பிக்கொள்கிறோம்.

ஒத்ததிர்ந்தாலும் ஒன்று வராது

வெட்டவெளியில் உயரத்தில் கட்டிய அரை அலைக் கம்பி ஒத்ததிரும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 73 ஓம். (தரைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இது கூடவும் குறையவும் செய்யும்.) இதை 50 ஓம் கேபிளில் இணைத்தால் விகிதம் 73-ஐ 50-ஆல் வகுத்த 1.46. ஆக, எந்தக் குறையும் இல்லாத, சரியாக ஒத்ததிர்கின்ற ஏரியல்கூட 1.5 என்று காட்டலாம். மழைக்கு முன் என் மாணவனின் மீட்டர் காட்டியதும் அதுவே என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு. முன்பு வீட்டுக்கு வீடு மாடியில் நின்ற தொலைக்காட்சி ஏரியலைப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அதன் நடுவே நீள்வட்டமாக மடித்த குழாய் ஒன்று இருக்கும். மடிப்பு அரை அலை ஏரியல் என்று பெயர். மடித்ததனால் அதன் மின்தடை நான்கு மடங்காகி ஏறத்தாழ 300 ஓம் ஆகிறது. அதிலிருந்து தட்டையான நாடா போன்ற ஒயர் கீழே இறங்கும். அந்த ஒயரின் இயல்பு மின்னெதிர்ப்பும் 300 ஓம். எனவே விகிதம் 1. அதே வகை ஏரியலை 50 ஓம் கேபிளில் மாட்டினால் விகிதம் 6! ஏரியல் மாறவில்லை, ஒத்ததிர்வும் மாறவில்லை. ஒயர் மாறிற்று, எண் மாறிற்று. அவ்வளவே.

ஒன்று வந்தாலும் ஒத்ததிர்வில்லை

மறுபக்கத்தையும் பாருங்கள். கேபிளின் நுனியில் ஏரியலே இல்லாமல் ஒரு 50 ஓம் மின்தடையை மாட்டுங்கள். மீட்டர் முழு மனத்தோடு 'ஒன்றுக்கு ஒன்று' என்று பாராட்டும். ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிப் போகும். அடுத்த தெருவுக்குக்கூட உங்கள் குரல் சரியாகக் கேட்காது. கருவிகளைச் சோதிப்பதற்கு ஹாம்கள் இத்தகைய 'பொய்ச் சுமை'யைத் தெரிந்தே பயன்படுத்துவதுண்டு. தெரியாமல் பயன்படுத்துவதுதான் ஆபத்து.

தெரியாமல் எப்படிப் பயன்படுத்துவோம் என்கிறீர்களா? ஒரு கணக்கு. 7.1 மெகாஹெர்ட்ஸில் 2.4 மீட்டர் உயரமுள்ள குட்டைக் கம்பி ஒன்றை, அடியில் சுருள் வைத்து ஒத்ததிரச் செய்கிறோம். இவ்வளவு குட்டையான கம்பி அலையாக வெளியிடும் ஆற்றலுக்குரிய மின்தடை, அதாவது கதிர்வீச்சு மின்தடை, சுமார் 1.3 ஓம்தான். சுருளிலும் மண்ணிலும் வீணாகும் மின்தடை 48.7 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 50 ஓம். ஒத்ததிர்வு உண்டு. விகிதம் 1. ஆனால் 100 வாட் அனுப்பினால் 2.6 வாட் மட்டுமே அலையாகிறது. மீதி 97.4 வாட் சுருளையும் மண்ணையும் சூடாக்குகிறது!

இப்போது ஒரு நல்ல மாணவன் வந்து, தடித்த கம்பியால் சுருள் சுற்றி, மண்ணில் நிறையக் கம்பிகளைப் பரப்பி, வீண் மின்தடையை 10 ஓமாகக் குறைக்கிறான் என்று கொள்வோம். மொத்தம் 11.3 ஓம். ஏரியலை வந்தடையும் ஆற்றலில் அலையாவது 11.5 விழுக்காடு, முன்னைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் மீட்டரின் முள்ளோ 4.4-க்கு ஏறிவிடும்! முள்ளை மட்டும் நம்புகிறவன் என்ன செய்வான்? 'கெட்டுவிட்டது' என்று எண்ணி, நல்ல கம்பிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுவான். அறிந்தவனோ, ஏரியலின் அடியில் சிறு பொருத்துச் சுற்று ஒன்றை அமைத்து, எண்ணையும் 1-க்குக் கொண்டுவந்து, ஆதாயத்தையும் காத்துக்கொள்வான்.

மாடியில் நடந்தது

சரி, மொட்டை மாடிக்குத் திரும்புவோம். நானும் மாணவனும் ஏரியலைக் கழற்றிவிட்டுக் கேபிளின் மேல்நுனியை வெறுமனே விட்டோம். கருவியை மிகக் குறைந்த ஆற்றலில், ஒரு நொடிப் பொழுது இயக்கினோம். மறுமுனையில் ஒன்றுமே இல்லை. போன ஆற்றல் முழுவதும் திரும்ப வேண்டும். முள் கோடிக்கு ஓட வேண்டும். ஓடவில்லை. 1.7-இல் அமைதியாக நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேபிளை இறக்கி, மேலுறையைச் சீவிப் பார்த்தோம். உள்ளேயிருந்த செப்பு வலை கறுத்து, இடையிடையே பச்சை பூத்திருந்தது. நுனியைச் சரியாக மூடாததால் மழைநீர் உள்ளே இறங்கி, கேபிள் முழுவதையும் கெடுத்திருந்தது.

கணக்கு இதுதான். 100 பங்கு ஆற்றல் கேபிளில் ஏறுகிறது. வழியில் முக்கால் பங்கு வெப்பமாகி, 25 பங்கு நுனியை அடைகிறது. அது முழுவதும் திரும்புகிறது. திரும்பும் வழியிலும் முக்கால் பங்கு போய், 6.25 பங்கு மட்டுமே மீட்டருக்கு வந்து சேர்கிறது. 'நூறு போனது, ஆறுதான் திரும்பியது. மீதி ஏரியலில் போயிருக்கும்' என்று மீட்டர் அப்பாவியாக முடிவு செய்கிறது. அந்த விகிதம் 1.67. ஏரியல் மாட்டியிருந்தபோது திரும்பியதே 4 விழுக்காடுதான். அதுவும் வழியில் கரைந்துபோனதால் முள் 1.1 காட்டிற்று.

ஆக, கேபிள் கெட்டதனால் முள் அழகாயிற்று. அந்த அழகை நான் பாராட்டினேன். இயற்பியல் கற்பிப்பவன் செய்யக்கூடாத தவறு அது. 'எதையும் தொடாமலே எப்படி மேம்பட்டது?' என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கெட்ட செய்தி வந்தால் காரணம் தேடுகிறோம். நல்ல செய்தி வந்தால் தேடுவதில்லை. அறிவியல் மாணவன் இரண்டுக்கும் காரணம் தேட வேண்டும்.

புதிய கேபிள் வாங்கி, நுனியை மெழுகிட்டு அடைத்து மாட்டினோம். முள் பழையபடி 1.5-க்குப் போயிற்று. அன்று மாலையே கொழும்பு நண்பர் பதில் சொன்னார்.

மீட்டரே வேண்டாமா?

"அப்படியானால் மீட்டரைத் தூக்கி எறியச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. இக்காலத்து டிரான்சிஸ்டர் கருவிகள் பெரும்பாலும் விகிதம் 2-ஐத் தாண்டினால் தம்மைக் காத்துக்கொள்வதற்காக ஆற்றலைக் குறைத்துக்கொள்கின்றன. கம்பி அறுந்தாலோ, இணைப்பு விட்டுப்போனாலோ, மீட்டர்தான் முதலில் எச்சரிக்கும். நேற்று ஓர் எண், இன்று வேறோர் எண் என்றால் ஏதோ மாறியிருக்கிறது என்று அறியலாம். காய்ச்சல்மானியைப் போல அது நல்ல காவல்காரன். ஆனால் காய்ச்சல் இல்லை என்பதனாலேயே ஒருவன் பயில்வான் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

நான் குறை கூறுவது மீட்டரை அன்று, 1.5-ஐ 1.1 ஆக்குவதற்கு வாரக்கணக்கில் பாடுபடும் பழக்கத்தை. 1.5-இல் திரும்புவது 4 விழுக்காடு. நல்ல கேபிளானால் அதுவும் முழு நட்டம் அன்று. கருவியின் முனையில் மீண்டும் திருப்பப்பட்டு, பெரும்பகுதி ஏரியலுக்கே போகிறது. கேட்பவரின் கருவியில் 'எஸ்' அளவு ஒரு படி குறைய வேண்டுமானால் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். 4 விழுக்காட்டை எந்தக் காதும் அறியாது. அந்த வாரங்களை ஏரியலை இரண்டு மீட்டர் உயர்த்துவதிலும், கேபிளின் நுனியை நன்றாக அடைப்பதிலும் செலவிட்டால் பயன் பலமடங்கு.

வீணை சொல்லும் பாடம்

ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே திருவானைக்காவல். சர் சி. வி. ராமன் 1888 நவம்பர் 7-இல் பிறந்த ஊர். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்ற அவர், அதற்கு முன்பே வீணை, தம்பூரா, மிருதங்கம் ஆகியவற்றின் அதிர்வுகளை ஆராய்ந்தவர்.

வீணைத் தந்தியை மட்டும் கழற்றி இரண்டு கருங்கற்களுக்கிடையே இழுத்துக் கட்டித் தட்டுங்கள். தந்தி அதே சுருதியில் அதிரும். ஒத்ததிர்வில் குறை இல்லை. ஆனால் நான்கடி தள்ளி நிற்பவருக்குக் கேட்காது. ஏன்? மெல்லிய தந்தியால் காற்றை அதிகம் அசைக்க முடியாது. குடமும் பலகையும் சேர்ந்த பிறகே நாதம் சபைக்குப் போகிறது. வீணை செய்பவர் தந்தியை மட்டும் தட்டிப் பார்த்து வீணையை விற்பதில்லை. நாதம் வெளியே எப்படி வருகிறது என்று காதால் கேட்கிறார். ஏரியல் கட்டுகிறவனும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: அலை வெளியே போகிறதா?

அதை அறிய வழிகள் உண்டு. ஒரு டயோடும் ஒரு மைக்ரோ அம்மீட்டரும் சிறு கம்பியும் கொண்டு, புல வலிமையைக் காட்டும் எளிய கருவியை மிகக் குறைந்த செலவில் செய்யலாம். ஏரியலிலிருந்து சற்றுத் தொலைவில் ஒரே இடத்தில் அதை வைத்து, மாற்றம் செய்யும் முன்னும் பின்னும் அளவைக் குறிக்கலாம். தொலைவிலுள்ள நண்பரிடம், "முதல் ஏரியல், இரண்டாம் ஏரியல், எது தெளிவு?" என்று மாற்றி மாற்றிக் கேட்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கா?

இல்லை. நம் நாட்டில் ஒலிபரப்பைத் தொடங்கிவைத்தவர்களே ஆர்வலர்கள்தான். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னையில் மாகாண வானொலிக் கழகத்தை அமைத்து, அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பினார். பணமின்றி 1927-இல் அது நின்றபோது, அந்தக் கருவி சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930 முதல் மீண்டும் ஒலித்தது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் தற்செயலாக முகாமிட்டிருந்த ஹாம்கள் தங்கள் சிறு கருவிகளால் செய்திகளை நிலப்பகுதிக்கு அனுப்பினார்கள். 'என் மகன் உயிரோடு இருக்கிறானா?' என்று தவித்த குடும்பங்களுக்கு அவர்கள் வழியாக விடை போயிற்று. திருச்சிக்கும் வெள்ளம் புதிதன்று. 1977-இலும் 2005-இலும் நகரை நீர் சூழ்ந்தது. அத்தகைய இரவில் முள் 1.1-இல் நிற்பது ஒருவரையும் காப்பாற்றாது. அலை மறுகரைக்குப் போக வேண்டும்.

இதனால்தான் நான் வற்புறுத்துகிறேன்: ஓர் அளவுகோலைக் கையில் எடுக்குமுன், 'இது எதை அளக்கிறது? எனக்கு வேண்டியதும் அதுதானா?' என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வானொலிக்கு மட்டும் சொல்லவில்லை. உங்கள் தேர்வு மதிப்பெண்ணும் ஒரு முள்தான். அதற்கும் பயன் உண்டு; எச்சரிக்கும், வழி காட்டும். ஆனால் புரியாத பாடத்தை மனப்பாடம் செய்தும் அந்த முள்ளை அழகாக நிறுத்திவிடலாம். நீர் புகுந்த கேபிளும் அழகான எண்ணைத்தான் காட்டிற்று.

என் மாணவனிடம் அந்தப் பழைய கேபிளில் ஒரு சாண் துண்டை வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். ஒவ்வோர் ஆண்டும் நிலை அலைகளைக் கற்பிக்கும் நாளில் அதை வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். "இதைக் கண்டு ஏமாந்தவன் யார் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பாடத்தைத் தொடங்குகிறேன்.